கோர்கள் சும்மா கிடக்கின்றன, ஜாப் வரிசையில் நிற்கிறது: ஸ்லர்மை டெர்மினலிலிருந்தே கண்காணிப்பது எப்படி?

கரும்புக்காடு (டர்பன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் ஓர் ஆய்வுக்கூடத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். 12 நோடு (மெஷின்), ஒவ்வொன்றிலும் 32 கோர் (ப்ராசஸர்), 128 ஜிபி மெமரி. மாணவர்கள் அனுப்பும் வேலைகளை (ஜாப்) வரிசையில் வைத்து நோடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது ஸ்லர்ம் என்ற மென்பொருள். எனக்கு முன்னால் இதைக் கவனித்தவர் கேப் டவுனுக்கு மாறிப் போய்விட்டார். பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தவிர ஒரு குறிப்பும் விட்டுவைக்கவில்லை.

பிரச்சினை இதுதான். ஒவ்வொரு நோடிலும் நுழைந்து டாப் (என்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் நாலு கோர், ஐந்து கோர்தான் ஓடுகிறது. மீதி எல்லாம் சும்மா. ஆனால் எஸ்கியூ (வரிசையைக் காட்டும் ஸ்லர்ம் கட்டளை) போட்டால் நாற்பது ஜாப்புக்கு மேல் பிடி, அதாவது பெண்டிங், என்று நிற்கிறது. மாணவர்கள் என் அறை வாசலில் நிற்கிறார்கள். பேராசிரியரோ, நடையில் ஒரு பெரிய திரை வைத்து கிராஃபானாவில் (வரைபடம் காட்டும் மென்பொருள்) படம் காட்டு, எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். அதற்கென்று தனி மெஷின் இல்லை. ஃபயர்வாலில் புது போர்ட் திறக்கவும் விடமாட்டார்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழைவது) ஒன்றுதான் வழி, அதுவும் பாதி நேரம் போனில்.

எஸ்கியூவின் கடைசிப் பத்தியில் காரணம் என்று வருகிறதே, அதில் ஒரு ஜாப்புக்கு "ரீஸோர்ஸஸ்" என்றும், அதற்குப் பின்னால் உள்ள பலவற்றுக்கு "பிரயாரிட்டி" என்றும், சிலவற்றுக்கு "ரெக்நோட்நாட்அவெய்ல்" (கேட்ட நோடு கிடைக்கவில்லை) என்றும் இருக்கிறது. நோடுகளின் நிலையைக் காட்டும் எஸ்இன்ஃபோவில் பத்து நோடு மிக்ஸ் (கொஞ்சம் ஒதுக்கியது), ஒரு நோடு டிரெயின் (புது ஜாப் ஏற்காது), ஒரு நோடு டவுன்.

இன்னொரு விசித்திரம். 20 மணிநேரத்துக்கு மேல் கேட்டால் ஜாப் ஓடவே ஓடாது என்று மாணவர்கள் நடுவே ஒரு நம்பிக்கை உண்டு. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்! 20 மணிநேரம் கேட்டவையும் பெரும்பாலும் விடிகாலையில்தான் தொடங்குகின்றன. இது மூடநம்பிக்கையா, இல்லை காரணம் ஏதாவது இருக்கிறதா?

மேன் பக்கத்தைப் படி என்று மட்டும் சொல்லாதீர்கள். படித்துவிட்டேன். எந்த எண்ணை நம்புவது என்று அதில் இல்லை.

---

லெனேசியா_பையன் (ஜோஹானஸ்பர்க்):

முதலில் அந்த டிரெயின், டவுன் நோடு இரண்டையும் பாருங்கள், எளிதான காசு அது. எஸ்இன்ஃபோவுக்குப் பெரிய ஆர் ஆப்ஷன் போட்டால் காரணமும், யார் எப்போது போட்டார்கள் என்பதும் வரும். கரண்ட் போய் வந்த இடமென்றால் பெரும்பாலும் "நோட் அன்எக்ஸ்பெக்டட்லி ரீபூட்டட்" என்றிருக்கும். ஒன்றும் பழுதில்லை என்று தெரிந்தால் எஸ்கன்ட்ரோல் (ஸ்லர்மைக் கட்டுப்படுத்தும் கட்டளை) அப்டேட்டில் நோடின் பெயரைக் கொடுத்து ஸ்டேட்டை ரெஸ்யூம் என்று மாற்றினால் போதும்.

ஆனால் "லோ ரியல்மெமரி" என்றிருந்தால் ரெஸ்யூம் போட்டுப் பயனில்லை. கான்ஃப் ஃபைலில் (ஸ்லர்மின் அமைப்புக் கோப்பு) எழுதிய மெமரியைவிட நோடு குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். மெமரிக் குச்சி ஒன்று போயிருக்கலாம். ஃப்ரீ என்று அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கரண்ட் போய் வந்த மறுநாள் இதை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் கையால் எழுப்ப வேண்டாம் என்றால் ஸ்லர்ம் கான்ஃபில் ரிட்டர்ன்டுசர்வீஸ் என்ற வரியைப் பாருங்கள். 0 என்றால் நீங்கள் சொல்லும்வரை நோடு டவுனிலேயே இருக்கும். 2 என்றால் சரியான உள்ளமைப்போடு திரும்பி வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு 2 பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

---

இரவுப்பணி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

தம்பி, டாப்பை மூடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இல்லை, கிராஃபானாவிலும் இருக்காது. அந்தப் பெரிய திரையில் சிபியு 15 சதவீதம் என்று பச்சையாக ஒரு கோடு ஓடும். பேராசிரியர் பார்த்துவிட்டு, "எல்லாம் சும்மாதானே இருக்கிறது, ஏன் ஓடவில்லை?" என்று உங்களிடமே திரும்ப வருவார்.

ஸ்லர்ம் பார்ப்பது, யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை அல்ல. யாருக்கு எவ்வளவு ஒதுக்கிக் கொடுத்தோம் என்பதை மட்டும். பத்துப் பேர் வரும் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் முழுவதையும் பிடித்துவிட்டால், நாற்காலி எத்தனை காலியாக இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு இடம் இல்லை. உங்கள் நோடில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன், ஊர்ஜிதம் செய்துகொள்ளுங்கள்.

எஸ்கன்ட்ரோல் ஷோ நோடு என்று அடித்து, மிக்ஸ் நிலையில் உள்ள ஒரு நோடின் பெயரைக் கொடுங்கள். வருவதில் நாலைந்து எண்தான் முக்கியம். சிபியுஅலோக் (ஒதுக்கிய கோர்), சிபியுலோடு (இப்போதைய சுமை), ரியல்மெமரி (மொத்த மெமரி), அலோக்மெம் (ஒதுக்கிய மெமரி), ஃப்ரீமெம் (காலி மெமரி). சிபியுஅலோக் 4 என்றும் அலோக்மெம் கிட்டத்தட்ட ரியல்மெமரி அளவே என்றும் இருந்தால் திருடன் அகப்பட்டான். கோர் 28 மிச்சம், ஆனால் கொடுக்க ஒரு எம்பி மெமரி இல்லை. ஃப்ரீமெம்மில் நூறு ஜிபிக்கு மேல் காட்டும், ஏமாறாதீர்கள். அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்லும் எண். ஜாப்புக்கு இடம் தேடும்போது ஸ்லர்ம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? மெமரியையும் கணக்கில் எடுத்துப் பங்கிடும்படி ஸ்லர்மை அமைத்துவிட்டு, டெஃப்மெம்பெர்சிபியு (ஒரு கோருக்கு இயல்பாக எவ்வளவு மெமரி) என்ற வரியை எழுதாமல் விட்டால், மெமரி எவ்வளவு என்று சொல்லாமல் வரும் ஜாப்புக்கு நோடின் மெமரி முழுவதும் போய்விடும். மாணவர்கள் ஸ்கிரிப்டில் கோர் எண்ணிக்கையை எழுதுவார்கள், மெமரியை யார் எழுதுகிறார்கள்? எஸ்கியூவில் சின்ன ஓ ஆப்ஷன் போட்டு, சதவீதக் குறியோடு சின்ன எம் சேர்த்துப் பாருங்கள். கேட்ட மெமரி 0 என்று வரும் ஜாப்பெல்லாம் இந்தக் கூட்டம்தான். ஒன்றும் கேட்கவில்லை என்று தோன்றும், உண்மையில் எல்லாவற்றையும் கேட்கிறது.

எல்லா நோடையும் ஒரே பார்வையில் பார்க்க, எஸ்இன்ஃபோவுக்குப் பெரிய என் ஆப்ஷன், அதோடு சின்ன ஓவில் சதவீதக் குறியும் பெரிய சியும். சாய்கோடு போட்டு நாலு எண் வரும்: ஒதுக்கியது, சும்மா இருப்பது, மற்றது, மொத்தம். பெரிய ஓ ஆப்ஷனில் அலோக்மெம் என்று பத்தியின் பெயரையே எழுதிக் கேட்கலாம். இதை ஒரு ஏலியாஸாக (சுருக்கப் பெயராக) வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் 12 வரி அடங்கிவிடும். நான் ஈஸ்டர் வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றபடியே இந்த ஏலியாஸை அடித்து ஒரு நோடை எழுப்பியிருக்கிறேன், பின்னால் நின்ற பாட்டி முறைத்தார்.

தீர்வு: ஒரு கோருக்கு 128000ஐ 32ஆல் வகுத்தால் 4000 எம்பி. சிஸ்டத்துக்கும் கொஞ்சம் விட்டு, டெஃப்மெம்பெர்சிபியு 3800 என்று எழுதி எஸ்கன்ட்ரோல் ரீகான்ஃபிகர் கொடுங்கள். ஏற்கெனவே ஓடுகிறவை பழைய கணக்கிலேயே ஓடி முடியும். வரிசையில் நிற்பவற்றுக்கு எஸ்கன்ட்ரோல் அப்டேட்டில் மெமரியைக் குறைத்துவிடலாம்.

போடும் முன் மாணவர்களுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஒரே கோரில் 20 ஜிபி தின்னும் ஆர் மொழி ஸ்கிரிப்ட் ஒன்று எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கும். சிகுரூப்பில் (லினக்ஸில் வரம்பு வைக்கும் வசதி) மெமரி வரம்பை இறுக்கி வைத்திருந்தால் அது மறுநாள் அவுட் ஆஃப் மெமரி என்று செத்துக் கிடக்கும், பழி உங்கள்மேல் வரும்.

அப்புறம் அந்த 20 மணிநேர விஷயம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். எஸ்அக்கவுண்டில் (பழைய ஜாப்களின் பதிவைக் காட்டும் கட்டளை) கடந்த மாதத்தின் ஜாப்களை எடுங்கள். தொடக்கத் தேதி கொடுக்காவிட்டால் இன்று நள்ளிரவுக்குப் பிந்தியவை மட்டுமே வரும், அதனால் சின்னதும் பெரியதுமாக எஸ், இ என்று குழம்பாமல் ஸ்டார்ட்டைம் என்று முழுப்பெயரிலேயே தேதி கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட், டைம்லிமிட் என்ற இரண்டு பத்தியை மட்டும் கேட்டு, 15 மணிநேரத்துக்கு மேற்பட்டவற்றைப் பாருங்கள். எல்லாம் ஒரே மணியில் தொடங்கியிருந்தால் வந்து சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

---

கரும்புக்காடு:

அக்கா, அப்படியே இருக்கிறது. நாலு கோர் கேட்ட ஜாப் ஒன்று, அலோக்மெம் 128000, ரியல்மெமரி 128000, ஃப்ரீமெம் 109000. பத்து நோடிலும் இதே கதை. 3800 போட்டு, வரிசையில் நின்றவற்றின் மெமரியையும் குறைத்தேன். கால் மணிநேரத்தில் 26 ஜாப் உள்ளே போய்விட்டன. வாசலில் இப்போது யாரும் இல்லை.

நின்றுபோன நோடு இரண்டில் ஒன்று ரீபூட் வகை, எழுப்பிவிட்டேன். இன்னொன்று லோ ரியல்மெமரி. 96 ஜிபிதான் காட்டுகிறது. லெனேசியா_பையன் சொன்னபடி குச்சி போய்விட்டது, புதிதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எஸ்அக்கவுண்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 19, 20 மணிநேரம் கேட்டவை பெரும்பாலும் விடிகாலை 4:30க்குத் தொடங்குகின்றன. இரண்டு நாள், மூன்று நாள் கேட்டவற்றில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை, மாணவர்களே ரத்து செய்திருக்கிறார்கள். இப்போது கோர், மெமரி இரண்டும் காலியாக இருந்தும் ஒரு 72 மணிநேர ஜாப் ரெக்நோட்நாட்அவெய்ல் என்றே நிற்கிறது.

---

இரவுப்பணி:

எஸ்கன்ட்ரோல் ஷோ ரெஸர்வேஷன் (முன்பதிவு) என்று அடியுங்கள். விடிகாலை 4:30க்கு முடியும்படி டெய்லி என்ற ஃபிளாகோடு ஒன்று இருக்கவேண்டும். இரண்டு மணிக்குத் தொடங்குவதாக இருக்கும்.

எப்படித் தெரியும் என்றால், 2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) ஸ்டேஜ் 6 என்ற கடும் நிலையில் ஓடிய காலத்தில் நாங்களும் இதைச் செய்தோம். லோட்ஷெடிங் இரண்டு மணிநேரம், மேலே அரை மணிநேரம். எந்நேரம் கரண்ட் போகும் என்று அட்டவணை முன்கூட்டியே வருமல்லவா, அந்த நேரத்துக்கு எல்லா நோடையும் மெயின்டெனன்ஸ் என்று ஒதுக்கிவைத்தால், அதற்குள் முடியாத ஜாப்பை ஸ்லர்ம் தொடங்காது. பாதியில் சாவதைவிடக் காத்திருப்பது மேல். யோசனை நல்லதுதான். ஆனால் ஸ்டேஜ் மாறினால் நேரமும் மாறும், அதனால் நாங்கள் அட்டவணையைப் பார்த்து அன்றன்றைக்குப் போட்டு எடுத்தோம். உங்கள் முன்னவர் வேலையைச் சுருக்கத் தினமும் ஒரே நேரம் என்று போட்டிருக்கிறார். 2024 மார்ச் இறுதியில் லோட்ஷெடிங் நின்று மாதக்கணக்கில் வரவே இல்லையே, அதை ஸ்லர்முக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். 4:30இலிருந்து மறுநாள் 2:00 வரை இருபத்தொன்றரை மணிநேரம்தான் இடைவெளி. 20 மணிநேர ஜாப் 4:30க்கும் 6:00க்கும் நடுவே மட்டுமே தொடங்க முடியும். 72 மணிநேரம் எந்நாளும் நுழையாது. பகலில் எஸ்இன்ஃபோ பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரெஸர்வேஷன் நடக்கும் நேரத்தில்தான் நோடு மெயின்ட் என்று மாறும். இரவு இரண்டு மணிக்கு யார் பார்க்கிறார்கள்?

உங்கள் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். கான்ஃப் ஃபைலைப் பார்க்காமலே இடைவெளியை அளந்துவிட்டார்கள்.

எஸ்கன்ட்ரோல் டிலீட்டில் அந்த ரெஸர்வேஷன் பெயரைக் கொடுத்து எடுத்துவிடுங்கள். அதோடு பேக்ஃபில் (இடைவெளியில் சின்ன ஜாப்பைச் செருகும் முறை) வரம்பையும் பாருங்கள். எஸ்கன்ட்ரோல் ஷோ கான்ஃபிக் போட்டு ஷெட்யூலர்பாரமீட்டர்ஸ் வரியில் பிஎஃப்_விண்டோ இருக்கிறதா? எதுவும் எழுதாவிட்டால் 1440 நிமிடம், அதாவது ஒரு நாள் வரைதான் முன்னே பார்க்கும். மூன்று நாள் ஜாப்பை அனுமதிக்கிற இடத்தில் அதைக் குறைந்தது 4320 ஆக்குங்கள்.

---

கேப்டவுன்வாசி:

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் பிபிஎஸ் (ஸ்லர்ம் போன்ற இன்னொரு மென்பொருள்) பக்கத்து ஆள். இங்கே லெங்காவ் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் 2016இலிருந்து பிபிஎஸ் புரோவில்தான் ஓடியது, அதில் ஜாப் அனுப்பிப் பழகியவன். அதன் கியூஸ்டாட் கட்டளைக்குச் சின்ன எஃப் போட்டால் கமெண்ட் என்ற வரியில், எது பற்றாமல் நிற்கிறது என்று ஸ்லர்மைவிட விவரமாகவே எழுதியிருக்கும். ஸ்லர்மின் ரீஸோர்ஸஸ் என்ற ஒற்றைச் சொல் எனக்கு எரிச்சலையே தருகிறது. கோரா, மெமரியா, ஜிபியுவா என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் சொல்ல வந்தது வேறு. இப்போது நான் இருக்கும் இடத்தில் ஸ்லர்ம்தான். ஒரு வாரம் எஸ்கியூ அடித்தால் பதில் வர அரை நிமிடம் ஆனது. நோடெல்லாம் நன்றாக இருந்தன. எஸ்டயக் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதிகம் பேர் தொடுவதில்லை. அதன் கீழ்ப்பகுதியில் எந்தப் பயனர் எத்தனை முறை கேள்வி கேட்டார் என்று இருக்கும். ஒரே பயனரின் பெயரில் கேள்விகள் மலைபோல் குவிந்திருந்தன. முதுகலை மாணவர் ஒருவர், தன் ஜாப் எப்போது தொடங்கும் என்று பார்க்க வாட்ச் கட்டளையில் நொடிக்கொருமுறை எஸ்கியூ வைத்து, டிமக்ஸில் (வெளியேறினாலும் ஓடும் டெர்மினல்) விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதுவும் நாலு ஜன்னலில்!

எஸ்டயக்கின் மேலே சர்வர் த்ரெட் கவுண்ட் என்று ஓர் எண் இருக்கும், சாதாரண நாளில் ஒற்றை இலக்கம். அது உயர்ந்தே நின்றால் கீழே போய்ப் பயனர் பட்டியலைப் பாருங்கள். மெயின் ஷெட்யூலர் சுற்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் அங்கேயே இருக்கிறது, மைக்ரோ நொடியில். ஆறு இலக்கத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், அது ஒரு நொடிகூட இல்லை. ரீசெட் ஆப்ஷன் போட்டு எண்ணைச் சுழியாக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை தெரியும்.

---

கரும்புக்காடு:

அக்கா, ரெஸர்வேஷன் இருந்தது. எல்எஸ்_இரவு என்று பெயர், 2:00 முதல் 4:30, டெய்லி, எல்லா நோடும். நீங்கள் சொன்ன நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. எடுத்த மறுகணம் 72 மணிநேர ஜாப் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த மாணவி நம்பவில்லை, எத்தனை நேரம் ஓடும் என்று பந்தயம் கட்டுகிறார். பிஎஃப்_விண்டோவும் மாற்றிவிட்டேன்.

எங்கள் பக்கம் லோட்ஷெடிங் இல்லாவிட்டாலும் கேபிள் பழுது என்று கரண்ட் போவது உண்டு. அதற்கு அட்டவணை கிடையாது, அதனால் செக்பாயிண்ட் (பாதி வேலையைச் சேமித்துவைப்பது) எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். மெமரி எவ்வளவு கேட்க வேண்டும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எஸ்அக்கவுண்டில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (ஜாப் தின்ற உச்ச மெமரி) பத்தி காலியாகவே வருகிறது. லோடு ஆவரேஜ் (சராசரிச் சுமை) பற்றியும் சொல்லுங்கள். ஒரு நோடில் 60 காட்டுகிறது, சிபியு சும்மா இருக்கிறது.

---

இரவுப்பணி:

மேக்ஸ்ஆர்எஸ்எஸ் ஜாப்பின் முதல் வரியில் வராது, அதன் கீழே புள்ளி பேட்ச் என்று ஒரு வரி வருமே, அங்கே பாருங்கள். எக்ஸ் ஆப்ஷன் போட்டு முதல் வரியை மட்டும் கேட்டிருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புக்கு எஸ்ஸ்டாட், அதிலும் ஜாப் எண்ணோடு புள்ளி பேட்ச் சேர்க்க வேண்டும். செஃப் (எஸ்-இ-எஃப்-எஃப்) என்ற கட்டளையை நிறுவியிருந்தால் கேட்டது எவ்வளவு, தின்றது எவ்வளவு என்று சதவீதத்திலேயே சொல்லிவிடும், மாணவர்களுக்கு அதைக் காட்டுங்கள்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே கேட்கச் சொல்லாதீர்கள். வழக்கமான அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறைதான் அளக்கும். நடுவில் ஒரு நொடி எகிறி இறங்கினால் பதிவாகாது. ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.

லோடு 60, சிபியு சும்மா என்றால் அது சிபியு வேலை இல்லை. லினக்ஸ் லோடு கணக்கில் டிஸ்க்கையோ நெட்வொர்க் ஸ்டோரேஜையோ எதிர்பார்த்து எழுப்பமுடியாமல் தூங்கும் ப்ராசஸும் சேரும். பிஎஸ் போட்டு நிலைப் பத்தியில் டி என்று இருப்பவற்றை எண்ணுங்கள், அறுபது இருக்கும். என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) தொங்கியிருக்கும். இந்த நோடைக் கவனியுங்கள், அதில் உள்ள ஜாப் முடியும்போது ஸ்லர்மால் கொல்லமுடியாமல் "கில் டாஸ்க் ஃபெயில்ட்" என்று டிரெயினில் போய் நிற்கும். ரெஸ்யூம் போட்டால் அடுத்த ஜாப்பும் அங்கேயே மாட்டும். மவுண்டைச் சரிசெய்து, முடியாவிட்டால் ரீபூட் செய்துவிட்டு எழுப்புங்கள்.

கர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ப்ராக் அடியில் பிரஷர் என்று ஒரு டைரக்டரி இருக்கும், ஐஓ என்ற ஃபைலை கேட் செய்யுங்கள், டிஸ்க்குக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று தெரியும். சிலவற்றில் பூட் வரியில் பிஎஸ்ஐ 1 என்று சேர்த்தால்தான் வரும். லோடு ஆவரேஜைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பேராசிரியருக்குத் திரை வேண்டாம். எஸ்ரிப்போர்ட்டில் கிளஸ்டர் யூட்டிலைசேஷன் என்று கேட்டு, சதவீதத்தில் போட்டு, திங்கள் காலை மெயிலில் போகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) வையுங்கள். ஒதுக்கியது, டவுன், சும்மா என்று ஒரே வரி. குச்சி வாங்கக் காசு கேட்கும்போது அந்த டவுன் பத்தி உங்களுக்கு உதவும்.